மூன்று குச்சி எதற்கு?

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பேரன் அரவேணுவுக்கு வந்திருந்தான். தோளில் துப்பாக்கி உறை மாதிரி நீளமாக ஒரு பை. திறந்து காட்டினான். உள்ளே மூன்று கியூ. பூல் போட்டியில் சேரப் போகிறானாம்.

"எதுக்குடா மூணு?" என்றேன்.

"இது பிரேக் அடிக்க, இது ஆட, இந்தக் குட்டைக் குச்சி பந்தைத் தாண்ட வைக்க, தாத்தா."

அந்த மூன்றாவது குச்சியோடுதான் எனக்குச் சண்டை. அன்று அவனிடம் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: எதிராளி வெள்ளைப் பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் மறைத்துவிட்டால், நீங்கள் அடிக்க வேண்டிய பந்துக்கு நேர் வழி கிடையாது. குஷனில் மோதவிட்டுச் சுற்றித்தான் போக வேண்டும். ஜம்ப் கியூ இந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்தது. நீளம் குறைவு, எடை குறைவு, நுனி கெட்டி. வெள்ளைப் பந்தை மேலிருந்து சாய்வாகக் குத்தினால் அது கீழேயுள்ள கல்லில் பட்டு எழும்பி, நடுவில் நிற்கும் பந்தைத் தாண்டிவிடும். 40 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், உலக பூல் சங்கத்தின் விதி இதை அனுமதிக்கிறது.

ஸ்னூக்கரில் இது நடக்காது. அடிக்க வேண்டிய பந்தைத் தொடும் முன் வெள்ளை இன்னொன்றைத் தாண்டினாலே தப்பு. ஸ்னூக்கருக்கும் நம் மலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியும். 1875ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி (பிரதமரான சேம்பர்லேன் அல்ல), அப்போது ஆடிக்கொண்டிருந்த பூல் ஆட்டங்களோடு கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆரம்பித்தது. பின்னால் அவர் உதகைக்கு வந்தபோது, அங்கே கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஒரு பந்தின் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைப்பதற்கே இன்று உலகம் முழுக்க ஸ்னூக்கர் என்றுதான் பெயர். பூல் ஆடுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

விசேஷக் குச்சி கொண்டுவருவது புதுசும் அல்ல. 1938ல் லண்டன் தர்ஸ்டன்ஸ் அரங்கில் அலெக் பிரவுன் என்பவர், சிவப்புப் பந்துகளுக்கு நடுவே வெள்ளை மாட்டிக்கொண்டபோது, சட்டைப்பையிலிருந்து பேனா அளவில் ஒரு கருங்காலிக் குச்சியை எடுத்து அடித்தார். எதிரே ஆடிய டாம் நியூமன் ஆட்சேபித்தார். நடுவர் தப்பு என்று சொல்லி நியூமனுக்கு 7 புள்ளி கொடுத்தார். அதன் பிறகு, கியூ 3 அடிக்குக் குறையக்கூடாது, வழக்கமான வடிவத்திலிருந்து விலகக்கூடாது என்று விதியே எழுதினார்கள்.

"அப்போ ரெஸ்ட் கட்டையும் கருவிதானே தாத்தா?" என்றான் பேரன். நல்ல கேள்வி. ரெஸ்ட் எட்டாத கைக்கு. மூக்குக் கண்ணாடி தெரியாத கண்ணுக்கு. 1985 உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் டென்னிஸ் டெய்லர், குனிந்து பார்ப்பதற்கென்றே செய்த பெரிய கண்ணாடியோடு ஆடி ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று ஜெயித்தார். யாரும் குறை சொல்லவில்லை. கண்ணாடி பந்தைக் காட்டியது, அவ்வளவுதான். அடிக்க வேண்டியது அவர்தான். ஜம்ப் கியூ அப்படி அல்ல. எதிராளி யோசித்துப் போட்ட முடிச்சையே அது வெட்டிவிடுகிறது.

"எல்லாருக்கும் அனுமதி இருந்தா சமம்தானே?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அனுமதி எல்லாருக்கும் உண்டு, சரி. பணம் எல்லாருக்கும் உண்டா? நான் கணக்கு எழுதிய தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கிளப் இருந்தது. அங்கே இருந்த மார்க்கர் பகலெல்லாம் துரைமார்களுக்குப் புள்ளி எழுதுவார், சாக் எடுத்துக் கொடுப்பார். அவர் ஆடக்கூடாது. ராத்திரி எல்லாரும் போன பிறகு, விளக்கை ஒன்றாகக் குறைத்துவிட்டு எனக்குச் சொல்லித் தருவார். சுவரில் மாட்டியிருந்ததில் வளைந்த கியூ எதுவோ அதுதான் அவருக்கு. எந்த மறைப்பிலிருந்தும் இரண்டு குஷன், மூன்று குஷன் சுற்றி வெளியே வந்துவிடுவார். சில கோணங்களைக் கற்க எனக்கு ஒரு மழைக்காலமே போனது. சொந்தமாகக் கியூ ஒன்று வாங்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். அவர் மாதிரி ஒரு பையன் இன்று கோத்தகிரியிலிருந்து போட்டிக்குப் போனால், மூன்று கியூ பை வைத்திருப்பவன் முன்னால் என்ன செய்வான்? அவன் கஷ்டப்பட்டுப் போடும் மறைப்பு அந்தக் குட்டைக் குச்சிக்கு முன் செல்லாக் காசு.

தாண்டுவதும் திறமைதான், பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஆடும் கியூவாலேயே தாண்டட்டும். நீளக் கியூவை நிமிர்த்திப் பிடித்துத் தாண்டவைப்பது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படிச் செய்பவனுக்கு நானும் கைதட்டுவேன். பிரேக் கியூவைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அது ஆடும் கியூவின் தோல் நுனியைக் காப்பாற்றுகிறது.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பிரேக் முடிந்த பிறகு ஆளுக்கு ஒரே கியூ. ரெஸ்ட் மேசைக்குச் சொந்தம், இருவருக்கும் பொது. பேரன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். இரண்டு குஷன் சுற்றி வருவது எப்படி என்று சாப்பாட்டு மேசையில் கோலிக்குண்டு வைத்தாவது காட்டலாம் என்றிருக்கிறேன்.