மலிவு சைக்கிளும் நிர்வாகத்தின் கடமையும்

முதல் பஸ் ஓடுமுன் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். எப்படி வருவதென்று கேட்பாரில்லை. அதனால் சிங்கப்பூரில் நம்மவர் சிலர் மின்சார சைக்கிளை நம்புகின்றனர். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

ஆனால் மலிவென்று எதையும் வாங்கலாகாது. சட்டத்தின் வரம்பு 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம், 20 கிலோ எடை; மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். 2018 முதல் பதிவும், 2022 முதல் ஓட்டுபவருக்குத் தேர்வும் கட்டாயம். வேகத்துக்காக மாற்றிய வண்டி பறிமுதலாகலாம். கூலியும் அபராதத்தில் கரையும். மாற்றிய பேட்டரி உறங்குமிடத்தில் தீப்பற்றினாலோ உயிருக்கே ஆபத்து.

நாம் கேட்பது தானமல்ல. விடியுமுன் ஆள் வேண்டுமென்கிற நிர்வாகம், பூட்டுள்ள கொட்டகையும் சார்ஜ் ஏற்றப் பாதுகாப்பான இடமும் தரட்டும். வண்டியைத் தொழிலாளி வாங்கிவிட்டான். அதை நிறுத்த இடம் தரவுமா மனமில்லை?