பழைய மூங்கில் தூண்டில்: எந்த மீனுக்கு?

புனே, சாகண் பக்கத்துப் பழைய வீட்டுப் பரணில் பிளவு மூங்கில் தூண்டில் கோல் ஒன்று கிடைத்தால், "இது நல்ல கோலா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். எந்த மீனுக்கு, எதை வீச என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இது முழு மூங்கில் அல்ல. மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாக இழைத்த ஆறு சிம்புகளை, நார் அடர்ந்த புறத்தோல் வெளியே இருக்கும்படி ஒட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கைவினைஞர்கள் 'கல்கத்தா மூங்கில்' என்று வாங்கியது நம் கல்மூங்கிலைத்தான். பிறகு தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

கைப்பிடியைப் பாருங்கள். ரீல் மாட்டும் இடம் கைக்குக் கீழே, அடிக்கோடியில் இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளை கோல். 'ஃப்ளை' என்ற இறகு கட்டிய கொக்கிக்கு எடையே இல்லை. கனமான நூலைத்தான் வீசுகிறோம். அதற்காகவே கோல் நெடுக வளைகிறது. எட்டு, ஒன்பது அடி என்றால் நீலகிரி அவலாஞ்சியின் ட்ரவுட்டுக்குப் பொருந்தும். பதினான்கு அடியில் இரு கையாலும் பிடிக்கும்படி இருந்தால் சால்மன் கோல்.

ரீலுக்குக் கீழேயும் கார்க் நீண்டிருந்து, கோல் தடித்துக் குட்டையாக இருந்தால், கரண்டித் தகடு போன்ற கனமான இரையை வீசச் செய்தது. மஹ்சீர் என்ற ஆற்று மீனுக்கு இதுதான் வேண்டும். தக்காணத்து மஹ்சீரை 1839-இல் சைக்ஸ் என்ற இயற்கையியலாளர் விவரித்தது புனேயின் முளா-முட்டா ஆற்று மீனை வைத்துத்தான். கொக்கி பட்டதும் அது பாய்கிற முதல் பாய்ச்சலை ட்ரவுட் கோல் தாங்காது.

வலுவை அளக்க ஒரு வழி உண்டு. நுனியை அடிப்பகுதிக்குச் செங்குத்தாக வளைக்க எவ்வளவு எடை தேவை என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் கெண்டை மீனுக்காக வடிவமைத்த பத்தடி 'மார்க் ஃபோர்' கோலுக்கு அது ஒன்றரை பவுண்டு. அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஏழரை பவுண்டு தாங்கும் நூல் அதற்குச் சரி. 1952-இல் அவர் ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார்.

ஆனால் பழங்கோலை இப்படி வளைத்துச் சோதிக்காதீர்கள். முதலில் சிம்புகளின் ஒட்டு வாய் விட்டிருக்கிறதா, பித்தளைப் பூண் ஆடுகிறதா, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய் விட்டிருந்தால், ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை மீன்மேல் இறக்க வேண்டாம்.