ஐந்து மணிக்கு இருட்டும் ஊர்

அந்தமான் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஹோட்டலைத்தான் தேடுகிறார்கள். நீச்சல் குளம் உண்டா, அறையிலிருந்து கடல் தெரியுமா என்றெல்லாம் விசாரித்து முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். படகு டிக்கெட்டின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. என்னைக் கேட்டால், படகை உறுதி செய்யாமல் அறைக்குப் பணம் கட்டாதீர்கள்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆனால் நாம் ஆசைப்பட்டுப் போவது ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும். அவற்றின் பெயர்களையும் 2018-ல் ஸ்வராஜ், ஷஹீத் என்று மாற்றினார்கள். பேச்சில் பழைய பெயர்கள் இன்னும் போகவில்லை. அங்கே படகுதான் டவுன் பஸ். ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும், கட்டணம் குறைவு. கடல் கொந்தளித்தால் எந்தப் படகும் கிளம்பாது. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே தங்கிவிடுங்கள். செல்லுலார் சிறையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று விடுமுறையா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்ப் பழக்கத்தில் மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று நினைத்தால் காரியம் கெட்டது. தீவு சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ நம்முடையதே. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டுமென்றால் மூன்றரைக்கே அங்கே இருக்க வேண்டும். விடிவதும் சீக்கிரம். காலை ஐந்தரைக்கு அதே தீவின் காலாபத்தர் கடற்கரையில் வெளிச்சம் வந்துவிடுகிறது.

கடல் உள்வாங்கும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை உள்வாங்கும், அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஹேவ்லாக்கின் விஜயநகர் கடற்கரையில் தண்ணீர் வற்றினால் குளிக்க முடியாது; பாறையும் செத்த பவளமும் காலைக் கிழிக்கும். நீல் தீவில் கதை நேர்மாறு. லக்ஷ்மண்பூர் பக்கத்து இயற்கைப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றினால்தான் நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய முழங்கால் ஆழ நீரில் கடல் அட்டையும் நண்டும் விரல் நீள மீன்களும் கண்ணெதிரே திரியும். அங்கே நடக்க ரப்பர் செருப்பு உதவாது, பின்பக்கம் வார் வைத்த செருப்பு வேண்டும். நேரத்தை ஹோட்டல்காரரிடம் கேட்டாலே சொல்வார். நாலு நாளில் பத்து இடம் காட்டும் பேக்கேஜ்காரர்கள் கடலைக் கேட்டு அட்டவணை போடுவதில்லை. அதனால்தான் அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மே முதல் செப்டம்பர் வரை மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உத்தமம். வெளித் தீவுகளில் ஏடிஎம் குறைவு என்பதால் ரொக்கம் கையில் இருக்கட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள்; 2010-ல் ஹேவ்லாக்கில் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது.

கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடுவீர்கள்.