முதல் பருவக் கணிதத் தாளின் விலை

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டிருக்கிறது. வளரிளம் பருவத்தினர் மீது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வைச் சுமத்துவது நியாயமல்ல என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், இம்முடிவின் விளைவு பள்ளியில் தெரியப்போவதில்லை. பொறியியல் கல்லூரிகளின் முதல் பருவக் கணிதத் தாளில்தான் தெரியும்.

எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் ஆகிய நுண்கணித அடிப்படைகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இடம்பெறுகின்றன. பிளஸ் 2 புத்தகம் அவற்றின் பயன்பாடுகளை எடுத்துக்கொள்கிறது. 2017-18-க்கு முன்பு தனியார் பள்ளிகள் பல, பிளஸ் 1 பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, ஈராண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்தன. அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. பொறியியல் தரவரிசைக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்தின் பங்கு 100; அது முழுக்க பிளஸ் 2 மதிப்பெண். எதற்கு விலை உண்டோ, அதற்கே உழைப்பு போகும். இது பொருளியலின் பாலபாடம்.

இனி கல்லூரிக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முதல் பருவத் தாளில் அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடுகள் என ஐந்து அலகுகள் இருந்தன. கலந்தாய்வு முடிந்து தாமதமாகத் தொடங்கும் பருவத்தில் இத்தனையும் ஓட வேண்டியிருந்தது. வகைக்கெழு என்றால் என்னவென்று மாணவர் அறிந்திருப்பார் என ஆசிரியர் எதிர்பார்க்கிறார். பழைய வினாத்தாள்களில் வந்த கணக்குகளே மீண்டும் வரும் என மாணவர் எதிர்பார்க்கிறார். பருவம் முடியும்போது பெரும்பாலும் மாணவரின் எதிர்பார்ப்பே வென்றிருக்கிறது.

கல்லூரியில் பொருளியல் நடத்திய ஆண்டுகளில் இதன் மறுமுனையை நான் கண்டேன். செலவுச் சார்பை வகையிட்டு இறுதிநிலைச் செலவைப் பிழையின்றி எழுதுவார்கள். 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கூடுதலாக ஓர் அலகை உற்பத்தி செய்ய ஆகும் செலவுதான் அந்த எண் என்பது, முழு மதிப்பெண் பெற்ற பலருக்கும் எட்டியிருக்கவில்லை.

முந்தைய 2017 ஒழுங்குமுறையில் 20 ஆக இருந்த அகமதிப்பீடு, 2021-இல் 40 ஆக உயர்ந்தது. தொடர் மதிப்பீடு நல்ல நோக்கம்தான். ஆயினும், தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பெயர் வாங்கும் கல்லூரி, தன் கையில் உள்ள 40 மதிப்பெண்ணை மட்டும் கறாராக அளக்கும் என்று எப்படி நம்புவது? ஓர் அளவுகோலையே இலக்காக்கினால் அதன் அளக்கும் திறன் கெட்டுவிடும் என்னும் கருத்து, பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை குறித்து எழுதியதிலிருந்து கிளைத்தது. அகமதிப்பீட்டுக்கும் அது பொருந்தும்.

கல்விச் சான்று, வேலை தருபவருக்கு அனுப்பும் சமிக்ஞை என்று 1973-இல் விளக்கியவர் மைக்கேல் ஸ்பென்ஸ்; பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் தாங்களே திறனறித் தேர்வு நடத்துவதைப் பார்த்தால், நம் தர எழுத்துகளை அவை எவ்வளவு நம்புகின்றன என்பது விளங்கும். அதேசமயம், அரியர் இருக்கும் மாணவரைப் பல நிறுவனங்கள் அத்தேர்வுக்கே அனுமதிப்பதில்லை. ஆக, இந்த மதிப்பெண்ணுக்கு ஒருவரை உயர்த்தும் வலிமை இல்லை. வீழ்த்தும் வலிமை மட்டும் உண்டு.

வீழ்பவர் யார்? 2021-இல் தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கினோம். அவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மிகச் சரியான செயல். எனினும், தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவருக்கு, ஆங்கிலத்தில் நடக்கும் அந்த முதல் பருவக் கணித வகுப்பில் கைகொடுப்பது யார்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்பதன் காரணத்தை 1970-களில் ஆராய்ந்தார் யூரி ட்ரைஸ்மன். ஆர்வக் குறைவோ உழைப்புக் குறைவோ காரணமாக இல்லை. சீன வம்சாவளி மாணவர்கள் கூடி அமர்ந்து கணக்குப் போட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவர்களோ தனித்தனியே உழைத்தனர். ட்ரைஸ்மன் அவர்களுக்கு எளிய மறுபயிற்சி வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைத் தந்து குழுவாக உட்கார வைத்தார். அவர்களின் தரநிலை கணிசமாக உயர்ந்தது. 'பலவீனமான மாணவர்' என்று தனி வகுப்பில் அமர்த்தி இரண்டு மதிப்பெண் வினாக்களை மனனம் செய்ய வைக்கும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

இங்கும் முதல் வாரத்தில் மதிப்பெண் இல்லாத ஒரு பிளஸ் 1 நுண்கணிதச் சோதனை நடத்தலாம். யாருக்கு எது தெரியாது என்பது அப்போதே தெரிந்துவிடும். அகமதிப்பீட்டின் ஒரு பகுதியைக் குழுவாகக் கணக்குப் போடும் வகுப்புகளுக்கு ஒதுக்கலாம். பருவத் தேர்வில் பொருள் விளக்கம் கேட்கும் வினா ஒன்று நிச்சயம் உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்கலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. எதிர்ப்பு வரக்கூடிய யோசனை வேறொன்று. தேர்ச்சி விகிதத்தோடு, அகமதிப்பீட்டுச் சராசரிக்கும் பருவத் தேர்வுச் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடட்டும். வேறுபாடு 5 விழுக்காடாக உள்ள கல்லூரி எது, 40 விழுக்காடாக உள்ள கல்லூரி எது என்பதைக் கலந்தாய்வுக்கு முன் பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள்.