சங்கிலியை அறுப்போர் யார்?

உலக வர்த்தகம் தடுமாறும்போதெல்லாம் பொருளாதாரப் பண்டிதர்கள் 'அபாயம்' என்ற சொல்லை நம்முன் வைக்கின்றனர். புயலும் வெள்ளமும் போல, எவராலும் ஏவப்படாமல் எங்கிருந்தோ வந்து விநியோகச் சங்கிலியை அறுத்துவிடும் ஒன்றாகவே அதனைச் சித்திரிக்கின்றனர். இச்சித்திரத்தை நாம் ஏற்கவில்லை. இச்சங்கிலி பெரும்பாலும் தானாக அறுவதில்லை, அறுக்கப்படுகின்றது. அறுக்கும் கரங்கள் எவையென்பதற்கு நமது நாட்டின் சரித்திரமே சாட்சி.

1951ஆம் ஆண்டு மே மாதம், கொரிய யுத்தத்தின் நடுவே, யுத்தத்துக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. இறப்பரும் அவ்வகைப் பொருளாகவே கணிக்கப்பட்டது. அச்சபையில் அன்று இலங்கைக்கு ஆசனமே இல்லை. 1955 டிசெம்பரிலேதான் அது கிடைத்தது. அத்தகைய பொருள்களை அனுப்பும் நாடுகளுக்கு உதவி கிடையாதென அமெரிக்காவும் அதே 1951இல் சட்டமியற்றியது. யுத்தத்தால் உச்சிக்கு ஏறிய இறப்பர் விலை பின்னர் சரிந்தது; அரிசியோ அருகி, விலை உயர்ந்தது. நாம் விற்பதன் விலையும் வாங்குவதன் விலையும் நமது கையில் இருக்கவில்லை.

இந்நெருக்கடியிலேதான் 1952 டிசெம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது ஏற்பாடு. இதனைச் செய்தவர்கள் இடதுசாரிகளல்லர். டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே பீக்கிங்கின் கதவைத் தட்டியது. மக்களின் பசி, ஆள்வோரின் கொள்கைப் பகையையும் ஒதுங்கச் செய்தது. தண்டனையாக அமெரிக்க உதவி 1956 வரை மறுக்கப்பட்டது. ஆயினும் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் நிலைத்தது.

சீனா தருமம் செய்ததா என்று கேட்பார் உளர். இல்லை, அதற்கு இறப்பர் தேவை, நமக்கு அரிசி தேவை. சமநிலையில் நின்று பேசிய பேரம் அது. ஆனால் ஒப்பந்தம் மாத்திரம் ஏழையின் பானையை நிரப்பிவிடவில்லை. 1953இல் அதே அரசாங்கம் மானியத்தை வெட்டி, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. வெளியிலிருந்து வரும் சுமையை உழைப்போரின் தோளுக்கு மாற்றிவிடுவது உள்ளூர் ஆளும் வர்க்கத்தின் வழக்கம் என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

இறப்பர் இருந்த இடத்தில் இன்று ஆடை இருக்கின்றது. 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், மனித உரிமைகளைக் காரணங்காட்டி ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. உரிமை மீறல்கள் மெய்யானவை. அவற்றைக் கேட்பதும் நியாயமே. ஆனால் அடி அமைச்சர்களின் மாளிகைகளில் விழவில்லை. பெண்களின் உழைப்பில் நிற்கும் ஆடைத் தொழிலின்மீதே விழுந்தது. 2017 வரை அச்சலுகை மீளவில்லை. பின்னர், 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி நமது பொருள்களுக்கு 44 வீத வரியை அறிவித்தார். ஓகஸ்டில் அது 20 வீதமாகியது. நமது ஆடைகளின் மிகப்பெரிய தனிநாட்டுச் சந்தை அமெரிக்காவே. ஒருவரின் அறிவிப்பால் கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளின் நாளைய கூலி ஐயத்துக்குள்ளாகின்றது.

முறையிடச் சர்வதேச விதிகள் இல்லையா? உண்டு. ஆனால் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு மன்றத்துக்கு நீதிபதிகளை நியமிக்கவிடாது அமெரிக்கா தடுத்தமையால், 2019 டிசெம்பரில் அம்மன்றம் செயலிழந்தது. விதிகளை வகுப்பதில் முன்னின்றவரே நீதிமன்றத்தைப் பூட்டிவிட்டார்!

கதவடைத்து வாழுமாறு நாம் கூறவில்லை. ஓர் எசமானனை விட்டு இன்னோர் எசமானனைத் தேடுமாறும் கூறவில்லை. ஒரு பொருளிலும் ஒரு சந்தையிலும் நாட்டின் உயிரைக் கட்டி வைக்காதீர். வர்த்தக ஒப்பந்தங்களைக் கைச்சாத்திடுமுன் மக்கள் முன் வையுங்கள். ஓடர் குறையும் நாளிலும் தொழிலாளியின் கூலிக்குச் சட்டப் பாதுகாப்புத் தாருங்கள். சிறிய நாடுகளோடு சேர்ந்து பேரம் பேசுங்கள் என்றே கோருகின்றோம்.

வகுப்பறையில் 'அபாயம்' என்ற சொல் வரும்போது ஆசிரியரும் மாணவரும் இரு கேள்விகளைக் கேட்கட்டும்: அதை உண்டாக்கியவர் யார்? அதைச் சுமப்பவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை ஒன்றாகாத வரை, அதனை விதியென்று ஏற்க நாம் மறுப்போம்.