தரகுப் பணத்தை நம்பலாமா?

சிறுதொழில் செய்வோர் தமது இணையத்தளத்தில் பெரிய கடையொன்றின் பொருளுக்கு வழிகாட்டி, அது விற்றால் தரகு பெறுவது இன்று சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் அமேசன் நிறுவனம் 1996 இல் இம்முறையைத் தொடங்கியது. நாற்றுமேடை வைத்திருப்பவர் மண்வெட்டிக்கும் பூவாளிக்கும் வழிகாட்டுவதில் தவறில்லை. தளத்தைப் பேணும் செலவில் ஒரு பகுதியாவது அதனால் கிடைக்கலாம்.

ஆனால் தரகைத் தீர்மானிப்பவர் யார்? 2020 ஏப்ரலில், கொவிட் முடக்கத்தின் நடுவே, தோட்டப் பொருட்களுக்கு நூற்றுக்கு 8 ஆக இருந்த தரகை அமேசன் அங்கே 3 ஆகக் குறைத்தது. பலசரக்குக்கு 5 இலிருந்து 1. முன்னறிவித்தல் ஏறக்குறைய ஒரு வாரம். 1,000 டொலர் விற்பனைக்கு 80 டொலர் பெற்றவருக்கு இனி 30 டொலரே. முறையிட இடமில்லை, ஒப்பந்தமே அப்படித்தான்.

ஆகவே இவ்வருமானத்தைத் தளத்தின் செலவுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும், அடுப்பெரிய அதை நம்பக்கூடாது என்பதே எமது கருத்து. தரகு கிடைப்பதை வாடிக்கையாளருக்கு மறைப்பதும் சரியல்ல. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் அதை வெளிப்படுத்துமாறு கேட்கிறது. தாம் கையில் எடுத்தும் பாராத மண்வெட்டியைத் தரகு கூடுதலென்று புகழ்ந்தால், அதை வாங்கி ஏமாந்தவர் நாற்று வாங்கவும் வரமாட்டார்.