நீலப் பம்பு மட்டும் வைத்தியமாகுமா?

மூச்சுத் திணறலோடு கிளினிக்கிற்குப் போகும் தொழிலாளியின் கையில் ஒரு நீலப் பம்பைக் கொடுத்து, "முடியாதபோது இழுத்துக்கொள்" என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் மற்றொன்று. இதற்கு வைத்தியம் என்று பெயர்! இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நீலப் பம்பிலுள்ள சால்பியூட்டமால், இறுகிய மூச்சுக்குழலைச் சில நிமிடங்களில் விரிக்கிறது. சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆஸ்துமாவுக்கு மூலமான உள்வீக்கத்தை அது தணிப்பதில்லை. ஆகவேதான் 'ஜினா' எனும் அனைத்துலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கு இதை மட்டும் கொடுக்கலாகாது, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் இழுக்கக் கொடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஒரு குப்பியில் 200 தடவை மருந்து உண்டு. வருஷத்தில் 3 குப்பியோ அதற்கு மேலோ காலியானால் கடும் இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. 12 குப்பியை எட்டினால் உயிருக்கே ஆபத்து மிகுகிறது.

பால் எத்தனை கிலோ, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று தினமும் கணக்கெழுதுகிறோம். மரத்தின் பாலுக்குக் கணக்கு உண்டு. அதை வெட்டுகிறவர் காலி செய்யும் குப்பிக்குக் கணக்கு வேண்டாமா?

எல்லா மூச்சுத் திணறலும் ஆஸ்துமா அல்ல, தோழர்களே! சிகரெட்டுப் புகையாலும், விறகடுப்புப் புகையாலும், வேலையிடத்துத் தூசியாலும் பல்லாண்டுகளில் முற்றுவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அதற்கு அடிப்படை மருந்து, மூச்சுக்குழலை நீண்ட நேரம் விரித்து வைக்கும் வகை. அந்த நோயாளிக்குத் தேவையின்றி ஸ்டீராய்டு கொடுத்தால் நிமோனியா அபாயம் கூடும். ஆஸ்துமாக்காரருக்கோ ஸ்டீராய்டு இல்லாமல் அந்த நீண்ட நேர மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பெரிதும் உதவும். சிறிய கிளினிக்கில் கருவி இல்லை என்பார்கள். இல்லையென்றால் இருக்கும் இடத்திற்கு அனுப்பட்டும்!

"புகைத்துத் தானே கெடுத்துக்கொண்டான்" என்று கை கழுவுவோரும் உண்டு. புகைப்பதை விட உதவுவது வைத்தியம். பழி சொல்வது வைத்தியமல்ல.

சரியாக இழுக்கத் தெரியாதவர்கள் 100க்கு 70, 80 பேர் வரை இருக்கலாம் என்று அதே ஜினா கூறுகிறது. அழுத்தி இழுக்கும் பம்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். தூள் மருந்தை வேகமாக இழுக்க வேண்டும். பிறகு 10 விநாடி வரை மூச்சை அடக்க வேண்டும். இதைச் செய்து காட்டாமல், புரியாத மொழியில் ஒரு காகிதத்தை நீட்டினால் குற்றம் யாருடையது?

நமது கோரிக்கைகள் இவை:

1. நோய் இன்னதென்று சோதித்தறிந்து மருந்து எழுத வேண்டும்.

2. மறு குப்பி கொடுக்குமுன், முந்தியது எத்தனை நாளில் தீர்ந்தது என்று கேட்க வேண்டும்.

3. ஒவ்வொரு முறையும் நோயாளியை இழுத்துக் காட்டச் சொல்லித் திருத்த வேண்டும். கை பழகாதவருக்கு ஸ்பேசர் குழாய் தர வேண்டும்.

4. கிளினிக்கிற்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கலாகாது.

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், வீட்டு வசதியோடு மருத்துவ வசதியையும் தோட்ட முதலாளிகளின் பொறுப்பில் வைத்தது. இது பிச்சையல்ல, உரிமை! கிளைக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி நிர்வாகத்திற்கும் சுகாதார இலாகாவிற்கும் அனுப்புவோம். மருந்தை எவரும் தாமாக நிறுத்த வேண்டாம். காலியான குப்பிகளை எறியாமல் சேர்த்து, அடுத்த முறை மருத்துவரின் மேசைமேல் எண்ணி வையுங்கள்!